பெயரில்லாத பானை

பாத்திரக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த ஆசாரியின் கை சட்டென நின்றது.

ஒரு வெண்கலப் பானை. கழுத்தில் பெயர் இல்லை.

திருப்பிப் பார்த்தார். அடியிலும் இல்லை.

முற்றுகை தொடங்கி நாற்பத்து மூன்று நாள். சேவகர்களுக்குக் கொடுக்கக் கோட்டையில் காசு தீர்ந்துபோனது. ஊர்ப் பாத்திரங்களைப் பிடுங்கிக் காசடிக்கச் சொல்லி உத்தரவு. உருக்கலாம் என்றால் கரி இல்லை. ஆகவே பாத்திரங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு பக்கம் மட்டும் முத்திரை அடித்தார். மறுபக்கத்தில் யாரோ ஒருத்தியின் பெயரில் பாதி அப்படியே தங்கிவிடும்.

அத்தனையும் அவர் கொத்திய பெயர்கள்தான். ஊரில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. கல்யாணச் சீர் என்றால் பாத்திரமும் பெண்ணும் முதலில் அவர் பட்டறைக்கு வந்தாக வேண்டும். புள்ளி புள்ளியாகக் கொத்தி முடித்ததும் பாத்திரத்தைப் பெண்ணின் பக்கம் நகர்த்தி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். படிக்கத் தெரியாத பெண்ணும் விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டும்.

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கொத்தியவர், பெற்ற மகளுக்குக் கொத்தவில்லை.

செங்கமலம் கோட்டைச் சேவகன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவர் சம்மதிக்கவில்லை. ஒருநாள் தானே வாங்கிய பானையோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். உளி கையில்தான் இருந்தது. அவர் நிமிரவே இல்லை.

வீம்பு. வேறென்ன.

அவள் நெடுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஆறு வருடம் ஆயிற்று. இருப்பது நான்கு தெரு தள்ளி. போயிருக்கலாம். போகவில்லை.

குடத்தைக் கொடுப்பார்கள், அண்டாவைக் கொடுப்பார்கள். சோறாக்கும் பானையை மட்டும் கடைசிவரை யாரும் விடுவதில்லை. அதனால் தினமும் குவியலில் பெயரில்லாத பானை இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார். ஊரிலேயே அப்படி ஒன்றுதான் உண்டு. அது வராத நாளில், அவள் அடுப்பு எரிகிறது என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில்தான் தூக்கமே வந்தது.

இன்று வந்துவிட்டது.

யார் கொடுத்தார்கள் என்று கொண்டுவந்த சேவகனிடம் கேட்டார்.

“ஆளே இல்ல ஆசாரி. கதவு சும்மா தொறந்து கெடந்துச்சு.”



அவன் அந்தப் பக்கம் போனதும் பானையைத் துண்டில் சுற்றினார். அகப்பட்டால் கையை வெட்டுவார்கள். தெரியும். அன்றைய கூலியாகக் கிடைத்த ஒரு பிடி அரிசியை மடியில் முடிந்துகொண்டார். உளியையும் அதை அடிக்கும் கொட்டாப்புளியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

மகள் வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறையாக நுழைந்தார்.

சுருட்டி வைத்த பாய். கொடியில் ஒரு சேலை. மண்குடத்தில் கொஞ்சம் தண்ணீர்.

அடுப்பில் சாம்பல்கூட இல்லை. வழித்துத் துடைத்திருந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.



கூரையிலிருந்து ஓலைகளை உருவி அடுப்பை மூட்டினார். தீ நன்றாகப் பிடித்ததும் அதில் தண்ணீர் தெளித்தார். அவருக்கு வேண்டியது புகை. அடுப்புப் புகையையே மறந்துபோன தெரு அது. கோட்டைக் கதவு அடைத்திருக்கிறது. உள்ளே எந்த மூலையில் இருந்தாலும், தன் கூரைமேல் எழும் புகை அவள் கண்ணில் படும்.

படாமல் போனால் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பு இல்லை.

பானையை மடியில் கவிழ்த்துக்கொண்டு கொத்தத் தொடங்கினார். உளி வழுக்கியது. ஒரே எழுத்துக்கு மூன்று எழுத்தின் நேரம் பிடித்தது. வாழ்நாளில் இத்தனை மோசமாக அவர் எழுதியதில்லை.

கடைசி எழுத்தில் இருந்தபோது வாசல் வெளிச்சம் மறைந்தது.

புகை சேவகர்கள் கண்ணிலும் படும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

கடைசிப் புள்ளியை வைத்தார். துண்டால் துடைத்தார். குனிந்த தலை குனிந்தபடியே பானையை வாசல் பக்கம் நகர்த்தினார்.

“எழுத்து சரியா இருக்கான்னு பாரும்மா.”