பொட்டு வைத்த மரம்

"இது எங்கட பள்ளிக்கூடத்தின்ர சொந்தக் காடு," என்றார் அருட்பிரகாசம், மைக்கில்.

காட்டில் மின்சாரம் இல்லை. மைக்கைப் பழக்கத்தில் பிடித்திருந்தார்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் சனிக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு கதிரைகூடக் கிடையாது. ஆனால் காடு இருந்தது. மண்டபத்துக்கு மேல் மாடியில் தனியாக இருந்த பிரெஞ்சுக் கிழவி மர்கரீத், சாகும்போது எழுதிவைத்துவிட்டுப் போன ஓர் ஏக்கர்.

தலைவர் அருட்பிரகாசம் அதற்கு 'பசுமைக் கல்வி வளாகம்' என்று பெயர் சூட்டி, தன் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை ஓர் ஓக் மரத்தில் நாலு ஆணியடித்து மாட்டினார். பிறகு, மரங்களும் உயிர்களே, அவற்றைத் துன்புறுத்தலாகாது என்று பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் பேசினார்.

அன்றைய பாடம் ஆளுக்கொரு மரம். பார்த்து, தொட்டு, ஒரு பெயர் வைக்க வேண்டும். கிருஷிகன் தன் பூனையின் பெயரை வைத்தான்.

சாப்பாட்டுப் பொதிகளோடு வந்திருந்த தில்லைநாயகி, ஆசிரியையான மகள் நிரோஜினியிடம் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, எனக்கும் ஒண்டு தருவினமோ?"

2009 மே மாதத்தோடு மகன் கரிகாலனைப் பற்றிய சேதி நின்றுபோயிருந்தது. ஐந்து வருடமாக நினைவுநாள் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க அவர் விடவில்லை. அது செத்தவர்களின் பட்டியல்.

இது உயிரோடு நிற்கிற மரம்.

அவர் தெரிந்தெடுத்தது தலைவரின் மரத்தை ஒட்டி நின்ற மரத்தை. அதன் நெஞ்சளவில் சிவப்பாக ஒரு பொட்டு. ஆரோ கும்பிட்ட மரம் என்றார். அட்டையில் 'கரிகாலன்' என்று எழுதி, மஞ்சள் நூலால் கட்டினார்.

காட்டைப் பராமரிக்கும் ஜெனவியேவ் அதைக் கண்டதும் நிரோஜினியைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

சிவப்புப் பொட்டு, வெட்டுகிற மரத்துக்கு வைப்பது. இதுவும் தகடு மாட்டிய மரமும் நெருங்கி நிற்கின்றன. ஒன்று போனால்தான் மற்றது தப்பும். நவம்பரில் ஆட்கள் வருவார்கள்.

பொட்டை அழித்துவிடட்டுமா என்றும் கேட்டார்.

நிரோஜினி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை பட்டையில் இருந்தது. அந்தக் கண்ணுக்கு முன்னால் அழிப்பதா?

அவள் பெயர் எழுதிய அட்டையைக் காட்டி, பிரெஞ்சில் ஒரு வசனம் சொன்னாள். கொஞ்சம் நீளமான வசனம்.

ஜெனவியேவ் பித்தளைத் தகட்டைப் பார்த்தார். ஆணிகளை எண்ணினார்.

பிறகு பையிலிருந்து வெள்ளைப் பெயின்ரை எடுத்து, கரிகாலனின் பொட்டுக்கு மேலே, மரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார். வெட்டாமல் விடுகிற மரத்துக்கு அதுதான் அடையாளம், கீழே பொட்டு இருந்தாலும்.

திருநீறும் பூசிவிட்டா என்று தில்லைநாயகி கண்ணைத் துடைத்தார்.

ஜெனவியேவ் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். சிவப்புப் பெயின்ரைக் குலுக்கி, தகட்டுக்குக் கீழே, பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

அருட்பிரகாசம் சால்வையைச் சரிசெய்துகொண்டு மரத்தருகே போய்க் கைகூப்பி நின்றார்.

"பாத்தியளே, எங்கட பண்பாட்டை என்ன மாதிரி மதிக்கினம். தங்கச்சி, ஒரு படம் எடும்."

நிரோஜினி எடுத்தாள். படத்தின் ஓரத்தில் அம்மா, மரத்தில் நெற்றியை வைத்தபடி.

வாங்கிப் பார்த்த தலைவர், பொட்டு வடிவாக விழவில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார்.