தேறாத சரக்கு

“இதுவும் தேறாது. வேஸ்ட்டுல போடு, புள்ள.”

ஞானசம்பந்தம் வீசிய பனியன் முத்தாயியின் மடியில் வந்து விழுந்தது. அவள் கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

“இதுல என்னங்க குத்தம்?”

“கழுத்துப்பட்டி ஒரு நூல் எறங்கியிருக்குது. அதுக்கெல்லாம் கண்ணு வேணும்.”

ஊரார் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக உழைத்தது போதும், நம் பெயரில் ஒரு சரக்கு ஓட வேண்டும் என்று அறுபத்திரண்டாம் வருஷம் மண்ணரை ஊரில் தகரக் கொட்டகை போட்டார் ஞானசம்பந்தம். மனைவி முத்தாயியின் நகை இரண்டு தையல் மிஷினாக மாறியது. லேபிளும் பளபளவென்று அச்சாகி வந்துவிட்டது. பனியன்தான் கடைக்குப் போனபாடில்லை. வருஷம் ஒன்றாயிற்று. கையில் கோணல், ஓரத்தில் சுருக்கம் என்று ஏதாவது ஒன்று மனுஷனை உறுத்தும். உடனே கழித்துவிடுவார். கழித்ததெல்லாம் மிஷின் துடைக்கிற வேஸ்ட்டுக்கு.

“நாலு பேரு போட்டுப் பாக்கட்டுமுங்களே. அப்பறம் அவங்க சொல்லட்டும்.”

“நாலு பேரு சிரிக்கறதுக்கா? எம் பேரு போட்டுப் போற சரக்கு இது.”

அதற்கு மேல் அவள் வாதாடுவதில்லை. கழித்ததைக் கோணியில் திணித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தரம் தெரியாத பொம்பளை என்று அவருக்கு அவள்மேல் கொஞ்சம் இளக்காரம்தான்.

கடைசியில் அவருக்கே தெம்பு விட்டுப்போயிற்று.

“மிஷினைக் குடுத்துட்டுப் பழைய கம்பெனிக்கே போயர்றேன்,” என்றார் ஒரு நாள்.

“அவசரப்படாதீங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கலாமுங்க.”

“பாத்தது போதும். சுத்தமா ஒண்ணு வரலியே.”

மிஷினைப் பார்க்கக் குண்டடத்திலிருந்து ஆத்தப்பன் வந்தார். காடு தோட்டம் உள்ளவர். மகனுக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுக்க ஆசை. கொட்டகையின் காங்கை தாங்காமல், வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ஞானசம்பந்தத்தின் கண் அவருடைய பனியனில் போய் ஒட்டிக்கொண்டது.

“ஏனுங்க, கொஞ்சம் திரும்பி நில்லுங்க.”

ஆத்தப்பன் புரியாமல் திரும்பினார். மிஷின் வாங்க வந்தவரை ஞானசம்பந்தம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கழுத்து உடம்போடு படிந்திருந்தது. தோள் தையல் அசையாமல் இருந்தது. இத்தனைக்கும் துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன்.

“எப்ப வாங்குனதுங்க?”

“பொங்கலுக்குங்க. இதோடதான் ஏரு ஓட்டறேன்.”

“ஒரு குத்தமும் இல்லீங்களா?”

“குத்தமா? போட்டுக்கிட்டா மறந்தே போயிருதுங்க. பனியன்னா அப்பிடித்தானுங்களே இருக்கோணும். எங்கூர்ச் சந்தையில ஒரு அம்மா விக்குதுங்க. லேபிளும் கெடையாது, பொட்டியும் கெடையாது. கொண்டாந்தா அரை நாள்ல தீந்துரும். இதைத் தைக்கறவர் ஆருன்னு தெரிஞ்சா நான் மிஷின் எதுக்குங்க வாங்கறேன்? அவர் சரக்கையே மொத்தமா எடுத்து ஊர் ஊரா வித்துருவேன்.”

ஞானசம்பந்தம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

“பாத்தியா முத்தாயி, இது தொழில். இப்பிடித் தைக்கற கை ஒண்ணு இருக்கறப்ப நானெல்லாம் கம்பெனி வெச்சு என்ன பண்ண? அவருக்கு மிஷினை ஏத்தி உட்ரு.”

முத்தாயி நகரவில்லை. அவரை நேராகப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

“ஏத்த வேண்டாமுங்க. சந்தைக்கார அம்மாகிட்டக் கோணியைக் கொண்டுபோய்க் குடுத்ததே நாந்தானுங்க. நீங்க தேறாதுன்னு கழிச்சதை வித்துத்தான் ஒரு வருஷமா நம்ம ஊட்ல ஒலை வெக்கறேன்.”