பின்சுவரிலிருந்து ஒரு தடம்

அந்தப் பூங்காவில் நடைபாதை போடுவதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் புல்லை வளர்த்து ஆறு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆட்கள் நடந்து நடந்து எங்கே புல் தேய்கிறதோ, அங்கே கல் பதிப்பார்கள்.

இந்த முறை மூன்று தடங்கள் விழுந்திருந்தன. இரண்டு, முன்வாசலிலிருந்து குளத்துக்குப் போயின. மூன்றாவது, வழியே இல்லாத பின்சுவரிலிருந்து கிளம்பியது. அதுவும் காலடித் தடமில்லை. சக்கரங்கள் உருண்ட இரட்டைக் கோடு.

"இதுக்கும் கல்லு போடணுமா சார்?" என்று கேட்டார் கொத்தனார்.

மேற்பார்வையாளர் குனிந்து கோடுகளைப் பார்த்தார். இடது கோடு மட்டும் நெளிந்து நெளிந்து போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீடு.

"பூங்காவுக்கு முன்னால மூணு படிடா. பின்னால ஒரு வழி வெச்சா நானும் குளத்தைப் பாத்துட்டு வருவேன்ல" என்று சக்கர நாற்காலியில் இருந்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். "பாக்கலாம்க்கா" என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆடிக்கொண்டிருந்த இடது சக்கரத்தைக்கூடச் சரிசெய்து கொடுக்கவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

"சுவரை இடிச்சு வழி விடுங்க. படி வேண்டாம்" என்றார்.

வழி திறந்த மறுநாள் காலை, கோடுகள் அதன் வழியாக வந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியிருந்தன. கரைச் சேற்றில், கோடுகளுக்கு நடுவே செருப்புத் தடமும் இருந்தது.

"இன்னிக்கு யாரோ தள்ளிக்கிட்டு வந்திருக்காங்க சார்" என்றார் கொத்தனார்.

முன்வாசல் வழியாக, காய்ந்த கல்மேலேயே நடந்து வந்த மேற்பார்வையாளர், தன் செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். சேறு இன்னும் காயவில்லை.