கட்டணம் கட்டிய தண்ணீர்

“என் தண்ணியில யாரோ கையை வெச்சிருக்காங்க, மேடம்! அது எவன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

கேன் தண்ணீர் வியாபாரி மேசையைத் தட்டிய தட்டில் குடிநீர்ச் சோதனைக்கூட ஆய்வாளர் அம்மாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது. வியாபாரியின் கையில் குடிநீர்ச் சோதனை அறிக்கை. ‘கிருமி உண்டு. விநியோகிக்கத் தகுதியற்றது.’ மூன்று நாளில் சரிசெய்யாவிட்டால் கடைக்குப் பூட்டு.

ஆய்வாளர் குனிந்து பேனாவை எடுத்தார். “உட்காருங்க.”

“உட்கார வரலை! போன வாரம் இதே மேசையில ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். என் தண்ணியை நீங்க சோதிக்கிறதுக்கு நான் ஏன் காசு கட்டணும்னு கேட்டேன். ஒரு பைசா குறைக்க மாட்டேன்னுட்டீங்க. இப்போ காசையும் வாங்கிட்டு ஃபெயிலும் போட்டா எப்படி?”

“பரீட்சைக்கு ஃபீஸ் கட்டினவங்களுக்கெல்லாம் பாஸா போடறாங்க?”

“சரி, பாதியாவது திருப்பிக் குடுங்க. பாதி பாட்டில்தானே சோதிச்சிருப்பீங்க!”

தள்ளுவண்டியில் கேன் தள்ளித் தள்ளியே மூன்று வேன் வாங்கியவர். பேரம் பேசாமல் தும்மக்கூட மாட்டார்.

“பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாரு?”

“நானே. என் கையால.”

“சீல் வெச்சது?”

“அதுவும் நான்தான்.”

“அப்புறம் நடுவுல கையை வெச்சது யாரு?”

வியாபாரி அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த நொடியே குரல் ஏறியது. “அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்! வீட்டுல சின்னவளுக்கு மூணு நாளா வயித்துப்போக்கு. அவளை டாக்டர்கிட்ட அவங்கம்மாவோட அனுப்பிட்டு, நான் இங்க வந்து கத்திட்டிருக்கேன். எல்லாம் என் நேரம்!”

கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. ஆய்வாளர் மூலையில் இருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். வியாபாரி மடக் மடக்கென்று குடித்து முடித்தார்.

“ஆகா! இது தண்ணி! எந்தக் கம்பெனி, மேடம்?”

“உங்க கம்பெனிதான்.”

வியாபாரி திரும்பிப் பார்த்தார். கேன் மேல் அவருடைய கடையின் நீல முத்திரை பளிச்சென்று இருந்தது.

“உங்க வேன் டிரைவர்தான் வாரம் ரெண்டு கேன் போட்டுட்டுப் போறார். நாங்க குடிக்கிறதை மாசாமாசம் நாங்களே சோதிச்சுக்குவோம். இதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா, நீங்க கட்டணம் கட்டிக் கொண்டுவந்த பாட்டில்ல இருந்தது இந்தத் தண்ணியே இல்லை. உப்பு அளவு மொத்தமும் வேற.”

வியாபாரி சட்டெனப் பையிலிருந்து போனை எடுத்தார். கதவோரமாக ஒதுங்கி மனைவியை அழைத்தார்.

“இந்தா, டாக்டர்கிட்ட இருந்து வீட்டுக்குப் போனதும் முதல்ல அந்த எதிர்க்கடைக்காரன் கேனைக் கீழே கொட்டு. நம்ம கடையில இருந்து ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லு.”

மனைவியின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது.

“என்னங்க உளர்றீங்க? ‘என் தொழில் எனக்குத் தெரியாதா? நம்ம தண்ணி விக்கிறதுக்கு, பிள்ளைங்களுக்கு எதிர்க்கடைத் தண்ணிதான்’னு ரெண்டு வருஷமா வாங்கிப் போடறது நீங்கதானே! கட்டின காசு வீணாயிடக் கூடாதுன்னு, போன வாரம் சோதனைக்குக்கூட அதுல இருந்துதானே பிடிச்சுட்டுப் போனீங்க!”

போனை அணைத்தார். கையில் இருந்த அறிக்கையை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார்.

ஆய்வாளர் புது விண்ணப்பம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“யாரோ கையை வெச்சுட்டாங்கன்னு சொன்னீங்களே, அந்த யாரோகிட்ட சொல்லுங்க. பாட்டில்ல ஊத்தினது எந்தக் கடைத் தண்ணின்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அது இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைங்க வயித்துக்குப் போகுதோ! அப்புறம் முழுக் கட்டணத்தையும் கட்டி, சொந்தத் தண்ணியைச் சோதனைக்குக் கொண்டுவரணும். அதுக்கெல்லாம் முன்னாடி, பெத்த பொண்ணுக்குத் தன் கடைத் தண்ணியை ஒரு டம்ளர் குடுக்கச் சொல்லுங்க!”