ஏழாவது குஞ்சு

அகரத்து ஓட்டுவீட்டுக் கூடத்தில், அட்டைப்பெட்டிக்குள் தொங்கும் மஞ்சள் பல்புக்குக் கீழே ஆறு வாத்துக்குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு கீச்சிடுகின்றன. நேற்றுப் பொரித்தவை. ஏழாவது, ராமுத்தாயின் உள்ளங்கையில் தலை தொங்கக் கிடக்கிறது. "வாத்துதானேன்னு குண்டாத் தண்ணியில விட்டேன்," என்கிறான் அவள் புருஷன் கண்ணுசாமி. "தாய்வாத்து அடைகாத்திருந்தா அதோட எண்ணெய்ப்பசை குஞ்சு மேல ஒட்டியிருக்கும். நாம கோழியத்தானே அடைக்கு வச்சோம்? நனைஞ்சா வெறைக்காதா?" பேசிக்கொண்டே பழைய சுங்குடித் துணியால் ஒற்றி எடுக்கிறாள். ஈரத்தில் ஒட்டிக்கிடந்த மயிர் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரிந்து பஞ்சாகிறது. பல்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகிறாள்; விரலிடுக்குகள் செக்கச் சிவந்து தெரிகின்றன. "செத்துப்போச்சு புள்ள. கீழ வையி." "நீங்க பேசாம இருங்க." அவள் பெருவிரலுக்கு அடியில் ஏதோ துடிக்கிறது. தன் நாடியோ என்று விரலை நகர்த்திப் பார்க்கிறாள். இல்லை, குஞ்சினுடையதுதான். சவ்வுக்கால் ஒன்று உள்ளங்கையை உதைக்கிறது. கழுத்து ஆடி ஆடி நிமிர்கிறது. கறுப்புக் கண் திறக்கிறது. அடுத்த நொடியே அவள் கையில் வெதுவெதுவென்று எச்சமிடுகிறது. ராமுத்தாய் கையைத் துடைக்கவில்லை. மகாராணி மாதிரி எழுந்து, அதை அப்படியே கண்ணுசாமியின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். "செத்தது பேளுமா? நல்லாப் பாருங்க."