தொட்டியில் உப்பு

மறுபடியும் உப்பு.

வாசலில் வைத்த அரிக்கா பாம் செடியின் தொட்டியில், காய்ந்த மண்ணின் மேல், ஒரு கைப்பிடி கல்லுப்பு.

அவள் குனிந்து பார்த்தாள். இலைகளின் நுனியெல்லாம் கருகியிருந்தது. நர்சரியில் வாங்கி வந்தபோது முழங்கால் உயரம். இப்போது அவள் தோளுக்கு வந்துவிட்டது. குளிப்பாட்டி, துடைத்து, வெயில் படாமல் நகர்த்தி நகர்த்தி வளர்த்தது. அவள் வளர்க்க அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். எதிர் வீட்டுச் சிந்துஜா.

ஆடி மாதம் லிஃப்டில் சிந்துஜாவின் குழந்தையைப் பார்த்து, "நல்லா புசுபுசுன்னு இருக்கான்ல" என்று இவள் சொல்லித் தொலைத்தாள். அன்று ராத்திரியே அவனுக்குக் காய்ச்சல்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் சிந்துஜா பிள்ளைக்கு உப்புச் சுற்றுகிறாள். நாலாவது மாடியிலிருந்து முச்சந்திக்கு யார் இறங்கிப் போவது? சுற்றிய உப்பை இந்தத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். யார் கண் பட்டதோ, அவர்கள் வாசலிலேயே போகட்டும் என்று.

கண்ணாவது திருஷ்டியாவது. இவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

ஆனால் வயிறு எரிந்தது.

கதவைத் தட்டிச் சண்டை போடலாம். போட்டால் மாடியே எட்டிப் பார்க்கும். பிள்ளையில்லாதவள், செடிக்காக அடித்துக்கொள்கிறாள் என்று பேசும்.

உப்பை ஒரு கல் விடாமல் பொறுக்கினாள். தண்ணீரில் கரைத்தாள். மண் அடியில் தங்கியதும் வேட்டித் துணியில் வடிகட்டினாள்.

சுற்றிப் போட்ட உப்பு திரும்ப அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பார்கள்.

போகட்டும்.

நவராத்திரி. ஊறிய கொண்டைக்கடலை குக்கரில் தயாராக இருந்தது.

பிரசாதத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சிந்துஜாவும் சொல்லவில்லை. இடுப்பில் குழந்தையோடு, தன் வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு வாய் சுண்டல் போட்டுக்கொண்டாள்.

"உப்பெல்லாம் அளவா இருக்குக்கா."

இவளுக்கு உச்சி குளிர்ந்தது.

சிந்துஜா இன்னொரு கடலையை எடுத்தாள். தோலை உரித்து, விரலால் நசுக்கி, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். குழந்தை ஆவென்று திறந்தது. கீழே இரண்டே பற்கள்.

"ஐயோ, அவனுக்கு வேண்டாம்!"

கத்தியதோடு இவள் நிற்கவில்லை. கையை நீட்டிக் கடலையைத் தட்டியும் விட்டாள். குழந்தை வீறிட்டது.

ஏன் என்று சிந்துஜா கேட்டாள். இவள் குனிந்து, விழுந்த கடலையைப் பொறுக்கினாள்.

சிந்துஜா இவளையே பார்த்தாள். பிறகு துப்பட்டாவால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஆனாலும் தொட்டியில் உப்பு இருந்தது. இந்த முறை இரண்டு கைப்பிடி. அதன் மேல் காய்ந்த மிளகாய்.