மெலோவாகப் பாடிய குக்கர்

பதினோரு வருஷமாகத் தினமும் விசிலடித்து அலுத்துப்போன குக்கர் ஒன்று இருந்தது. அடுப்புக்கு மேல் ஷெல்ஃபில் ஒரு ரேடியோ. சங்கீத விமர்சனம் கேட்டுக் கேட்டு அதன் வாயில் இங்கிலீஷ் கொட்டும்.

“உன் குரல் ரொம்ப ஷ்ரில்லும்மா, காது கிழியுது. கொஞ்சம் மெலோவா, ஸாஃப்டா பாடக் கூடாதா?” என்றது ரேடியோ.

இத்தனை வருஷத்தில் அதன் சத்தத்தை யாரும் பாட்டு என்று சொன்னதில்லை. குக்கருக்கு மனசு இளகிவிட்டது. மறுநாள் விசிலை அடக்கிக்கொண்டு, ஆவியை ஓரமாக உஸ்ஸென்று விட்டது.

முன்னறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டம்மா, மூன்று விசில் வந்ததும் எழுந்துகொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

“அக்கா, தண்ணி வத்திடுச்சு. சீக்கிரம் கத்துங்க,” என்றது உள்ளே வெந்துகொண்டிருந்த துவரம்பருப்பு.

“நான் இப்போல்லாம் கத்துறதில்லை. மெலோ.”

“பியூட்டிஃபுல். என்ன ஒரு டோன்,” என்றது ரேடியோ.

“டோனாவது மண்ணாவது. எனக்கு அடி கருகுது.”

தீய்ந்த நாற்றம் போய்த்தான் வீட்டம்மாவைக் கூட்டி வந்தது. பருப்பைக் கொட்டிவிட்டு, குக்கரைத் திட்டிக்கொண்டே கம்பி நாரால் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிற அலுப்புத் தெரியாமல் இருக்க, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.